பார்க்கிங்கில் யார் உட்காரப் போகிறார்கள்?

2001 ஆகஸ்டில் நான் நியூ ஜெர்சியில், ஒரு கடைத்தொடரின் தலைமை அலுவலகத்தில் நெட்வொர்க் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எச்1பி விசாவில் வந்து இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. டாட்காம் கம்பெனிகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்த நேரம். எடிசனில் நாங்கள் இருந்த அடுக்ககத்தில் வாரம் ஒரு குடும்பமாவது சோஃபாவையும் மைக்ரோவேவையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஊருக்கு விமானம் ஏறியது.

எங்கள் கடைகளுக்குக் கம்பியில்லா வலை அப்போதுதான் வந்திருந்தது. சரக்கு எண்ணும் கையடக்க ஸ்கேனர்களும், பண்டிகை நெரிசலுக்காக வாசலருகே கூடுதலாகப் போடும் கல்லாக்களும் காற்று வழியே சர்வரோடு பேசின. வாடிக்கையாளர்களின் கடன் அட்டை எண்களும் அந்தப் பேச்சில் அடக்கம். அதற்கு நாங்கள் போட்டிருந்த ஒரே பூட்டின் பெயர் டபிள்யூ.இ.பி. விரித்துச் சொன்னால் ‘வயர்டு ஈக்விவலன்ட் பிரைவசி’, அதாவது கம்பிக்கு ஈடான அந்தரங்கம்.

அந்த மாதம் என் அறைத்தோழன் ஓர் அறிக்கையை அச்செடுத்து வந்து என் கட்டில்மேல் போட்டான். ஏ.டி. அண்ட் டி. ஆய்வகத்தின் தொழில்நுட்ப அறிக்கை. ஃப்ளோரம் பார்க்கில் இருந்த அந்த ஆய்வகத்தை நான் தினமும் காரில் தாண்டித்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாங்கள் நம்பிய பூட்டை, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிஜ நெட்வொர்க்கில், அதன் நிர்வாகியின் அனுமதியோடு திறந்துகாட்டியதாக அறிக்கை சொன்னது. திறந்தவர்கள் எதையும் உடைக்கவில்லை, ஒரு பொட்டலம்கூட அனுப்பவில்லை. வெறுமனே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்தப் பூட்டின் கதையை எழுத இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எனக்குத் தயக்கம். கதையில் எனக்கும் ஒரு சிறிய பாத்திரம் உண்டு, அது பெருமைப்படும்படியானது அல்ல.

‘பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே’ என்பார்கள் எங்கள் ஊரில். வானொலியில் பேசுகிறவருக்குப் பார்க்கப் பக்கமே கிடையாது. கம்பியைத் தொட வேண்டுமானால் திருடன் கட்டடத்துக்குள் வர வேண்டும். அலைக்கு அது தேவையில்லை, சுவரைத் தாண்டித் தெருவுக்கு அதுவே போகும்.

1985இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. மைக்ரோவேவ் அடுப்புகள் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியும் அவற்றில் ஒன்று. இதை முதலில் பிடித்துக்கொண்டவர்களில் கல்லாப்பெட்டி செய்கிற என்.சி.ஆர். நிறுவனமும் உண்டு. கடையின் அமைப்பை மாற்றும்போதெல்லாம் கல்லாக்களுக்குத் தரையைத் தோண்டிக் கம்பி போட வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையை ஒழிக்க நெதர்லாந்தில் இருந்த அவர்களது பொறியாளர்கள் வேவ்லேன் என்ற கம்பியில்லா அட்டையைச் செய்தார்கள். அக்குழுவைச் சேர்ந்த விக் ஹேய்ஸ்தான் 802.11 தரத்தை எழுதிய ஐ.இ.இ.இ. குழுவுக்குப் பத்தாண்டுகள் தலைமை தாங்கினார். 1991இல் என்.சி.ஆரை ஏ.டி. அண்ட் டி. வாங்கியது. 1996இல் அந்தத் தொழில் பிரிந்து நியூ ஜெர்சியின் லூசென்ட் கைக்கு வந்தது. 1999இல் ஆப்பிள் தன் ஐபுக்கில் வைத்து உலகுக்குக் காட்டியது லூசென்ட்டின் தொழில்நுட்பத்தைத்தான். இன்று நாம் வைஃபை என்று சொல்வதன் ஒரு வேர், கல்லாவுக்குக் கம்பி இழுக்கிற சலிப்பில் இருக்கிறது.

802.11 தரம் 1997இல் வெளியானபோதே டபிள்யூ.இ.பி.யும் அதற்குள் இருந்தது. அதன் குறை எங்கே என்று புரிய ஒரு பழைய உத்தியைத் தெரிந்துகொண்டால் போதும்.

கடிதத்தின் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணாக்கி, அதோடு ஒரு ரகசிய எண்ணைக் கூட்டி அனுப்புகிறீர்கள். பெறுபவர் அதே ரகசிய எண்களைக் கழித்தால் கடிதம் கிடைத்துவிடும். 1917இல் ஏ.டி. அண்ட் டி.யின் கில்பர்ட் வெர்னம் தந்திக்காக இந்த மாதிரி ஒரு முறையை உருவாக்கினார். ரகசிய எண்கள் முழுக்கத் தற்செயலானவையாக இருந்து, ஒரே ஒரு முறை மட்டும் பயன்பட்டால், இடையில் கேட்பவருக்கு எந்தக் கணக்கும் உதவாது என்று பெல் ஆய்வகத்தின் கிளாட் ஷானன் 1949இல் வெளியான கட்டுரையில் நிறுவினார்.

அந்த ‘ஒரே ஒரு முறை’யில்தான் உயிர் இருக்கிறது. ஒரே எண்சரத்தால் இரண்டு கடிதங்களை மறைத்துவிட்டால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்ததும் ரகசியம் தானே ரத்தாகி, இரு கடிதங்களுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் மிஞ்சும். மொழி தெரிந்தவருக்கு அதைப் பிரிப்பது குறுக்கெழுத்துப் புதிர் போல. இரண்டாம் உலகப் போரில் சோவியத் தரப்பு ரகசிய எண்தாள்கள் சிலவற்றை இரு முறை அச்சிட்டுவிட்டது. அந்தத் தவறைப் பிடித்துக்கொண்டு அமெரிக்கர்கள் வெனோனா என்ற பெயரில் 1980 வரை பழைய செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

டபிள்யூ.இ.பி. எண்சரத்தை உண்டாக்க ஆர்.சி.4 என்ற முறையைப் பயன்படுத்தியது. 1987இல் ரான் ரிவெஸ்ட் வடிவமைத்த அதை, கலிஃபோர்னியா ரெட்வுட் சிட்டியிலிருந்த ஆர்.எஸ்.ஏ. டேட்டா செக்யூரிட்டி நிறுவனம் வணிக ரகசியமாக வைத்திருந்தது. 1994இல் அது கசிந்தது. 0 முதல் 255 வரையிலான எண்களைச் சாவிக்கு ஏற்பச் சீட்டுக்கட்டு போலக் கலைத்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் முறை அது. கடையில் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சாவி. ஆகவே ஒவ்வொரு பொட்டலத்துக்கும் எண்சரம் மாற வேண்டும் என்பதற்காக, சாவியின் முன்னால் 24 பிட் நீளத் தொடக்க எண் ஒன்றை ஒட்டினார்கள். அந்தத் தொடக்க எண்ணைப் பொட்டலத்தின் மேலேயே, யாரும் படிக்கும்படி எழுதி அனுப்பினார்கள்.

24 பிட் என்றால் 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் எண்கள். கேட்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் நொடிக்கு 11 மெகாபிட் வேகத்தில் ஓயாமல் ஓடும் ஒரு வலை ஐந்து மணி நேரத்தில் அத்தனையையும் தீர்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். தற்செயலாகத் தேர்ந்தால் இன்னும் மோசம், ஐயாயிரம் பொட்டலங்களுக்குள்ளேயே ஏதோ ஓர் எண் இரண்டாம் முறை வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதைவிட வேடிக்கை, பெர்க்லியில் சோதித்த அட்டைகள் ஒவ்வொரு முறை செருகும்போதும் பூஜ்யத்திலிருந்தே எண்ணத் தொடங்கின. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தொடக்க எண்ணை மாற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயம்கூடத் தரத்தில் இல்லை.

இன்டெலின் ஜெஸ்ஸி வாக்கர் 2000 அக்டோபரிலேயே, சாவியை எவ்வளவு நீட்டினாலும் இது தேறாது என்று 802.11 குழுவுக்கு எழுதினார். 2001 தொடக்கத்தில் பெர்க்லியின் நிகிதா போரிசோவ், டேவிட் வாக்னர், அங்கே படித்த இயன் கோல்ட்பர்க் ஆகிய மூவரும் ஓட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார்கள். செய்தி வழியில் மாறவில்லை என்பதற்குச் சான்றாக வைத்த கூட்டுத்தொகையும் பயனற்றது என்றார்கள். அது இரைச்சலைக் கண்டுபிடிக்கச் செய்த கணக்கு. வேண்டுமென்றே மாற்றுபவர் கூட்டுத்தொகையையும் சேர்த்தே மாற்றிவிடலாம். அதே வசந்தத்தில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒரு குழு எழுதியது.

தரம் எழுதியவர்கள் திறமையானவர்கள்தான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வானொலிப் பொறியாளர்கள், குறியாக்கம் அவர்கள் துறை இல்லை. அது தெரிந்தவர்கள் நிதானமாகப் படிப்பதற்குள் அட்டைகள் கடைக்கு வந்துவிட்டன. அமெரிக்க ஏற்றுமதி விதிகளை ஒட்டி முதலில் சாவியை 40 பிட்டாகச் சுருக்கியிருந்தார்கள். பிறகு வந்த பெரிய பூட்டை ‘128 பிட்’ என்று விற்றார்கள். உண்மையில் சாவி 104 பிட்தான். எல்லோருக்கும் தெரிய அனுப்பும் அந்த 24ஐயும் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. எங்கள் கடைகளில் இருந்தது இந்தப் பெரிய பூட்டுதான். அட்டைப்பெட்டியில் இருந்த எண்ணைப் பார்த்து நானும் நிம்மதியாக இருந்தேன்.

கடைசி அடி 2001 கோடையில் விழுந்தது. சிஸ்கோவின் ஸ்காட் ஃப்ளூரர், இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தைச் சேர்ந்த இட்சிக் மான்டின், அடி ஷமீர் மூவரும் ஆர்.சி.4 சீட்டுக்கட்டைக் கலைக்கும் விதத்திலேயே ஒரு பழுதைக் கண்டார்கள். சில வகைத் தொடக்க எண்கள் வந்தால் கட்டு சரியாகக் கலையாது. வெளிவரும் முதல் எண், சாவியின் ஒரு பகுதியைச் சுமார் 5 சதவீத முறைகளில் காட்டிக்கொடுத்துவிடும். குருட்டாம்போக்கில் ஊகித்தால் 256இல் ஒன்றுதான் சரியாகும். எனவே போதுமான பொட்டலங்களைச் சேர்த்து வாக்கெடுப்பு நடத்தினால் உண்மையான எண் தனியாக மேலே வந்துவிடும்.

இது காகிதத்தில் எழுதிய கணக்கு. அதை நிஜத்தில் செய்துபார்த்ததுதான் என் கட்டிலில் கிடந்த அறிக்கை. எழுதியவர்கள் ஏ.டி. அண்ட் டி.யின் ஜான் இயோவனிடிஸ், அவியல் ரூபின், கோடை விடுமுறையில் பயிற்சிக்கு வந்திருந்த ஆடம் ஸ்டபிள்ஃபீல்ட். ஸ்டபிள்ஃபீல்ட் அப்போது ஹூஸ்டன் ரைஸ் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர். கடையில் கிடைக்கும் சாதாரண அட்டை ஒன்றை வாங்கினார்கள். கணக்கு வேலை செய்ய ஒவ்வொரு பொட்டலத்தின் முதல் எண்ணும் முன்கூட்டியே தெரிய வேண்டும். அது ஏறக்குறைய எப்போதும் 170 என்று கண்டார்கள். தரம் விதித்த தலைப்பின் முதல் எண் அது. ஐம்பது, அறுபது லட்சம் பொட்டலங்களைக் கேட்டதும் முழுச் சாவியும் கையில். அந்த முறையைச் செம்மைப்படுத்தினால் பத்து லட்சமே போதும்.

அவர்கள் முறையை விளக்கினார்கள், நிரலைத் தரவில்லை. சில நாட்களிலேயே ஏர்ஸ்நார்ட் என்ற பெயரில் வேறு இருவர் எழுதிய கருவி எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது.

அந்தக் கோடையில் இப்படி எழுதுவது அவ்வளவு எளிதாக இல்லை. அதே ஸ்டபிள்ஃபீல்ட், ரைஸ் ஆசிரியர் டான் வாலக், பிரின்ஸ்டனின் எட்வர்ட் ஃபெல்டன், பாலோ ஆல்டோ ஜெராக்ஸ் பார்க்கின் ட்ரூ டீன் உள்ளிட்டவர்கள் இசைத் தொழில்துறையின் மின்முத்திரை முறைகளை உடைத்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். வழக்கு வரலாம் என்ற கடிதம் வந்ததும் ஏப்ரலில் அதை ஒரு மாநாட்டிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். ஜூனில் நியூ ஜெர்சியின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆகஸ்டில்தான் வாஷிங்டனில் அந்தக் கட்டுரையை வாசித்தார்கள். இடையே ஜூலையில், மின்நூல் பூட்டைப் பற்றி லாஸ் வேகாஸில் உரையாற்றிய ரஷ்ய நிரலாளர் டிமிட்ரி ஸ்க்லியாரோவ் கைதானார். அவர் வழக்கு சான் ஹோசேக்குப் போனது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவருடைய நிறுவனத்தை ஜூரி விடுவித்தது. ஆனால் 2001 ஆகஸ்டில் அது யாருக்கும் தெரியாது. பூட்டு பழுது என்று சொன்னவரின் கையில் விலங்கு என்பதுதான் அன்றைய செய்தி.

நான் இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். முதல் ஒன்றரைப் பக்கம் அறிக்கையின் சுருக்கம். கடைசிப் பத்தி: மாற்று வரும்வரை கம்பியில்லாக் கல்லாக்களை அணைத்துவிட வேண்டும், ஸ்கேனர்களின் வலையை அட்டை எண்கள் ஓடும் வலையிலிருந்து பிரித்துவிட வேண்டும்.

மேலாளர் கெட்டவர் இல்லை. பொறுமையாகப் படித்தார். “ஆராய்ச்சியாளர்களுக்கு நேரம் இருக்கிறது. நம் பார்க்கிங்கில் மடிக்கணினியோடு யார் உட்காரப் போகிறார்கள்?” என்று கேட்டார். கிறிஸ்துமஸ் விற்பனைக்கு அந்தக் கல்லாக்கள் கட்டாயம் வேண்டும் என்றார். கடைசிப் பத்தி இல்லாமல் அனுப்பினால் மேலே எடுத்துப் போவதாகச் சொன்னார்.

அன்றிரவு அறைத்தோழனிடம் சொன்னேன். மதுரைக்காரன், எதையும் நேராகச் சொல்வான். “விசா உன் பேர்லயாடா இருக்கு? கம்பெனி பேர்ல இருக்கு. அந்தப் பத்தியை எடுத்துரு” என்றான். இரண்டு வாரத்துக்கு முன்புதான் அவனுடைய வேலை போயிருந்தது.

எடுத்துவிட்டேன். குறிப்பு மேலே போனது. வருடாந்திரத் திட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. அடுத்த மாதம் செப்டம்பர் 11. அதன்பின் அலுவலகத்தில் ஸ்கேனர்களைப் பற்றிப் பேச யாருக்கும் மனமில்லை. நானும் பேசவில்லை.

2002 மே மாதம் பெஸ்ட் பை தன் கம்பியில்லாக் கல்லாக்களை அணைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. பார்க்கிங்கிலிருந்து அட்டை எண்களைக் கேட்க முடியும் என்ற தகவல் வெளியானதுதான் காரணம். நான் அழித்த பத்தியைத்தான் அவர்கள் செய்திருந்தார்கள். 2003இல் மிச்சிகனின் சவுத்ஃபீல்டில், லோஸ் கடையின் பார்க்கிங்கில் நின்ற ஒரு காருக்குள் மடிக்கணினிகளோடு உட்கார்ந்திருந்தவர்களை எஃப்.பி.ஐ. கவனித்தது. அங்கே பூட்டே இல்லாத வலை. மேலாளரின் கேள்விக்கு இரண்டே ஆண்டில் விடை கிடைத்துவிட்டது.

பூட்டு கெட்டுவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தபின் மாற்ற ஏன் இத்தனை காலம் என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. ஒரு வங்கியின் பெட்டகமாக இருந்தால் ஒரே நாளில் மாற்றிவிடலாம். இது லட்சக்கணக்கான இடங்களில், ஒவ்வொரு கருவிக்குள்ளும் சில்லாகப் பதிந்துவிட்ட பூட்டு. புதிய குறியாக்கத்தை ஏற்கும் திறன் பழைய சில்லுகளுக்கு இல்லை. அதனால் 2003இல் டபிள்யூ.பி.ஏ. என்று ஓர் இடைக்கால ஏற்பாடு வந்தது. பழைய எந்திரத்திலேயே ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சாவியை மாற்றுகிற ஒட்டுவேலை அது. முழுமையான மாற்று 2004 ஜூனில் தரமானது. 2006 மார்ச்சிலிருந்துதான் வைஃபை முத்திரை பெறும் புதிய கருவிகளுக்கு அது கட்டாயம். ஒரு கடையில் பத்து ஸ்கேனர்களில் ஒன்று பழையதாக இருந்தாலும், அது பேசுவதற்காகப் பழைய பூட்டையே வைத்திருப்பார்கள். சங்கிலியின் பலம் அதன் நலிந்த கண்ணியில் என்று பாடத்தில் படித்ததை, பட்டன் தேய்ந்த ஒரு ஸ்கேனரின் உருவத்தில் பார்த்தவன் நான்.

2004இல் வேலை மாறி பே ஏரியாவுக்குப் போனேன். 2007 ஜனவரியில் ஃப்ரீமான்ட்டில் காலைக் காபியோடு அந்தச் செய்தியைப் படித்தேன். டி.ஜே.மேக்ஸ், மார்ஷல்ஸ் கடைகளை நடத்தும் டி.ஜே.எக்ஸ். நிறுவனத்தின் கணினிகளில் 2005 முதலே திருடர்கள் இருந்திருக்கிறார்கள். மார்ச்சில் நிறுவனம் சொன்ன கணக்கு 4 கோடியே 57 லட்சம் அட்டை எண்கள். மயாமியில் உள்ள கடைகளின் கம்பியில்லா வலை வழியாக உள்ளே போனதாகவும், அங்கே டபிள்யூ.இ.பி. இருந்ததாகவும் கனடாவின் தனியுரிமை ஆணையர்கள் அந்த ஆண்டு செப்டம்பரில் அறிக்கை தந்தார்கள். ஆல்பர்ட் கொன்சாலெஸுக்கு 2010இல் 20 ஆண்டுச் சிறை. கல்லாவுக்காகப் பிறந்த அலை, கடைசியில் கல்லாவிலேயே கை வைத்தது.

அது நான் வேலை பார்த்த நிறுவனம் அல்ல. ஆனாலும் அன்று காபி ஆறிப்போனது. அதே 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட்டில் மூன்று ஆய்வாளர்கள் 104 பிட் சாவியை ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக்காட்டினார்கள். கடன் அட்டைத் துறையின் பாதுகாப்பு விதிகள் டபிள்யூ.இ.பி.யை முழுதாக நிறுத்தக் கொடுத்த கடைசித் தேதி 2010 ஜூன் 30. ஃப்ளோரம் பார்க் அறிக்கையிலிருந்து அதுவரை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள்.

இந்தியாவிலும் இந்தப் பாடம் வந்தது, வேறு விதமாக. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டில்லாத ஒரு வீட்டு வைஃபையிலிருந்து போயிருந்தது. வீட்டுக்காரர் விசாரணைக்கு ஆளானார். அந்த வாரம் திருச்சியிலிருந்து அக்கா போன் செய்து, “தம்பி, நம்ம வீட்டுப் பெட்டிக்குப் பூட்டு இருக்கா?” என்று கேட்டாள். போனிலேயே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து டபிள்யூ.பி.ஏ.2க்கு மாற்றிக்கொடுத்தோம். என் வாழ்க்கையில் நேரத்தோடு செய்த பூட்டுவேலை அது ஒன்றுதான்.

புதிய பூட்டும் நிரந்தரம் இல்லை. 2017இல் பெல்ஜியத்தின் மாத்தி வான்ஹூஃப், அதிலும் ஏற்கெனவே பயன்படுத்திய தொடக்க எண்களை மறுபடி பயன்படுத்த வைக்க முடியும் என்று காட்டினார். மறுபடி அதே ‘இரண்டாம் முறை’. ஆனால் இம்முறை நிறுவனங்களுக்கு முன்கூட்டியே தகவல் போயிருந்தது. அறிவிப்பு வந்த நாளிலேயே பல கருவிகளுக்கு மருந்தும் தயாராக இருந்தது. குறையைச் சொல்பவரை எதிரியாகப் பார்த்த உலகம், பதினாறு ஆண்டில் அவர் பேச்சுக்குக் காது கொடுக்கக் கொஞ்சமாவது பழகியிருந்தது. 2001இல் பயத்துக்கு நடுவே தங்கள் பெயர் போட்டு எழுதியவர்களால் வந்த பழக்கம் அது.

இப்போது நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். ரைஸ் பல்கலைக்கழக வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கோடை விடுமுறையில் இங்கிருந்து நியூ ஜெர்சிக்கு வந்த அந்த மாணவரை நினைத்துக்கொள்வேன். என்னைவிட வயதில் சிறியவர். எனக்கு இருந்த பயம் அவருக்கு வேறு உருவத்தில் இருந்திருக்கும். விசா என்பது உண்மையான காரணம்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குறிப்பை ஒருமுறை எழுதிவிட்டு, மூன்று ஆண்டுகள் அதே நாற்காலியில் இருந்தும் மறுபடி எழுதாததற்கு விசா மட்டும் காரணமில்லை.

“உங்க கடைல ஏதாச்சும் திருட்டுப் போச்சாப்பா?” என்று மகள் ஒருமுறை கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ஃப்ளோரம் பார்க்கில் செய்ததைப் போல வெறுமனே கேட்டுக்கொண்டு போனவர் தடயம் விட்டிருக்க மாட்டார். எங்கள் பதிவேடுகளில் ஒன்றும் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். பார்க்கிங்கில் யாரும் உட்காரவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.